எட்டு ஓமும் எங்கடை மருமோனும்

வா தம்பி, இரு. அந்தக் கதிரை வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆட்டம். இப்பிடித் திண்ணையிலை இரு. வடை எடு. பருத்தித்துறை வடையெண்டால் கடிக்கிற சத்தம் மூண்டு வீட்டுக்குக் கேக்கவேணும். அதுக்கு ஸ்பீக்கரும் தேவையில்லை, வயரும் தேவையில்லை.

என்ன சொன்னாய்? பழைய ஸ்பீக்கர் பெட்டி ஒரு சோடி வாங்கிப்போட்டாய், அதுக்கு என்ன வயர் போடுறது எண்டு கேக்க வந்தனியோ? சரியான ஆளிட்டைத்தான் வந்திருக்கிறாய். முப்பது வருசம் கோயில் திருவிழா, கலியாணவீடு, சாமத்தியவீடு எண்டு லவுட்ஸ்பீக்கர் கட்டின கை இது. பனையிலை ஏறிக் குழாய் கட்டினவனுக்கு இப்ப திண்ணையிலை ஏற ரெண்டுபேர் பிடிக்கவேண்டிக் கிடக்கு, அது வேறை கதை.

முதலிலை ஒண்டு கேக்கிறன், மறைக்காமல் சொல்லு. கையிலை எவ்வளவு காசு கிடக்கு? கனக்கக் கிடந்தால் கரைச்சலே இல்லை. வயருக்கு எவ்வளவும் குடுக்கலாம், அதுக்கு எல்லை எண்டு ஒண்டு கிடையாது. காசு குறைவெண்டால்தான் பாடு. யோசிக்கவேண்டி வரும்.

எங்கடை மருமோனைப் பார். அக்காவின்ரை மூத்தவன், ரொறொன்ரோவிலை இருக்கிறவன். திருவிழாவுக்கு வந்தவன், தாய் பாட்டுக் கேக்கட்டும் எண்டு ரெண்டு ஸ்பீக்கரும் கொண்டு வந்தான். பெட்டி நல்ல பெட்டி, குறை சொல்லமாட்டன். பிறகு ஒரு வெல்வெட் பையைத் திறந்தான். உள்ளுக்கை வயர். சாரைப்பாம்பு மொத்தம், மேலே பின்னல் வேலை, ரெண்டு நுனியிலையும் தங்கப்பூச்சு. ஆரோ தாலிக்கொடியை வயராய்ச் செய்விச்சுப்போட்டினமோ எண்டு நினைச்சன். விலையைக் கேட்டன், சொன்னான். அந்தக் காசுக்கு ஒரு பசுவும் கண்டும் வாங்கி, மிச்சத்துக்கு அதுகளுக்கு ஒரு கொட்டிலும் போடலாம்.

"வயரிலை ஒரு அம்புக்குறி கிடக்கு மாமா, கரண்ட் அந்தப் பக்கமாத்தான் போகவேணும்" எண்டான். நான் தலையாட்டினன். பாட்டுக் கரண்டுக்கு ஒருவழிப் பாதை கிடையாது தம்பி. செக்கனுக்கு ஆயிரம்தரம் அதிர்ற சத்தமெண்டால் வயருக்குள்ளை ஆயிரம்தரம் போய் ஆயிரம்தரம் வரும். கொடிகாமத்துக்கு ஓடின தட்டிவான் மாதிரி, போனது திரும்பி வந்தால்தான் பிழைப்பு.

"வயர் நிலத்திலை படக்கூடாது மாமா" எண்டு குட்டிக் குட்டியாய்த் தாங்கி எடுத்து வரிசையா வைச்சான். உப்பிடியும் சாமான் விக்கினம், பகிடியில்லை. எனக்கு ஒரு நல்ல சாய்மனைக் கதிரைக்கு வழியில்லை, வயருக்கு ஆசனம். அதுக்கும் தலையாட்டினன். கடைசியாச் சொன்னான், "நூறு மணித்தியாலம் பாடவிட்டாத்தான் வயர் பழகும்." வண்டில் மாடு பழக்கிறது தெரியும், வயர் பழக்கிறது அண்டைக்குத்தான் கேள்விப்பட்டன். அதுக்கு மட்டும் வாயைத் திறந்து "ஓமோம்" எண்டன்.

இந்த ஓமைப்பற்றி உனக்கு வடிவாச் சொல்லவேணும். ஸ்பீக்கரின்ரை முதுகிலை பார், 8 ஓம் எண்டோ 4 ஓம் எண்டோ கிடக்கும். ஜேர்மனியிலை ஓம் எண்டு ஒரு வாத்தியார். கரண்ட் எவ்வளவு போகும், அதை எது எவ்வளவு மறிக்கும் எண்டு கணக்குப் போட்டு 1827இலை ஒரு புத்தகம் விட்டார். பிறகு மறிக்கிற அளவுக்கு அவரின்ரை பேரையே வைச்சினம். எங்கடை ஊரிலை ஓம் எண்டால் சம்மதம், அவரின்ரை கணக்கிலை ஓம் எண்டால் மறிப்பு. ரெண்டும் பொருந்தாது எண்டு நினையாதை. ஒரு ஓம் சொன்னால் சம்மதம், அதையே இரட்டிச்சு "ஓமோம்" எண்டால் மறிப்பு. அந்த மனுசன் யாழ்ப்பாணத்திலை பொம்பிளை எடுத்தவர் எண்டுதான் நான் நினைக்கிறன்.

சரி, கணக்குக்கு வா. ஸ்பீக்கர் எட்டு ஓம் மறிக்குது. வயரும் தன்ரை பங்குக்குக் கொஞ்சம் மறிக்கும். வயரின்ரை பங்கு ஸ்பீக்கரின்ரை பங்கிலை நூத்துக்கு அஞ்சைத் தாண்டாட்டில் போதும். எட்டு ஓம் பெட்டிக்கு 0.4 ஓம், நாலு ஓம் பெட்டிக்கு 0.2 ஓம். வேதம் அவ்வளவுதான், மிச்சம் பிரசங்கம்.

வயர் நீண்டால் மறிப்புக் கூடும், மொத்தித்தால் குறையும். எங்கடை தெருமூடி மடத்துக்குள்ளாலை போய்வாறாய்தானே, பாதை ஒடுங்கினால் என்ன நடக்கும் எண்டு உனக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1.5 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர் ஒரு மீற்றருக்கு 0.012 ஓம் மறிக்கும். செற்றிலை இருந்து பெட்டிக்கு 7 மீற்றர் எண்டு வை. போகவர 14 மீற்றர். பெருக்கிப் பார், 0.17 ஓம். நாலு ஓம் பெட்டிக்கே தாராளம். 2.5 வயரெண்டால் 0.1 ஓம். மருமோன்ரை சாரைப்பாம்பு இன்னும் பாதியாக் குறைக்குது எண்டே வை. அந்த வித்தியாசத்தைப் பிடிக்கிற காதெண்டால், வல்லிபுரக் கோயிலடி மணலிலை எறும்பு நடக்கிறதும் அதுக்குக் கேக்கவேணும்.

அதுக்காக மெல்லிசு வயரை எடுத்துக்கொண்டு வந்திடாதை. மலிவு வேறை, மெல்லிசு வேறை. செற்றோடை இனாமா வாற நூல் மாதிரி வயர் அரைச் சதுர மில்லிமீற்றர்கூட வராது. அப்பிடி வந்தாலும் அதே 14 மீற்றருக்கு அரை ஓமுக்குக் கிட்ட மறிக்கும். 1.5 வயர் எட்டு ஓம் பெட்டிக்கு 16 மீற்றர் தூரம் மட்டும் காணும், நாலு ஓமுக்கு 8 மீற்றர் மட்டும். அதுக்கு அங்காலை எண்டால் 2.5. கடையிலை 7/0.67 எண்டு விக்கிற வீட்டு வயரும் அந்த 2.5தான். ஏழு கம்பி, ஒவ்வொண்டும் 0.67 மில்லிமீற்றர் விட்டம். பாட்டு அதுக்குள்ளாலையும் ஒழுங்காப் போகும். ஆனால் கம்பி மொத்தம், மாப்பிள்ளைத் தோழன் மாதிரி விறைச்சு நிக்கும், மூலை திரும்பாது. பல இழை பின்னின பிளெக்ஸ் வயரெண்டால் சொன்ன பக்கம் மடியும். அதுதான் வித்தியாசம், சங்கீதத்திலை ஒரு வித்தியாசமும் இல்லை.

கடைக்குப் போனால் ஒண்டை மட்டும் பார். வெளியாலை செம்பு நிறம், உள்ளுக்கை அலுமினியம் எண்டு ஒரு வயர் வருகுது. செம்பு பூசின அலுமினியம். ஒரு இழையைப் பிளேட்டாலை சுரண்டு, வெள்ளை தெரிஞ்சால் அதுதான். கையிலை தூக்கினாலும் பாரமில்லை. அது செம்பைவிட ஒண்டரை மடங்குக்கு மேலை மறிக்கும். செம்பு விலைக்கு வாங்கினால் நீ பேயன். அலுமினிய விலைக்கு வாங்கி ஒரு அளவு மொத்தமாப் போட்டால் கெட்டிக்காரன். வெள்ளி வயர் வேணுமெண்டு சொல்லுற ஆக்களும் இருக்கினம். வெள்ளி செம்பைவிட நூத்துக்கு ஆறளவிலைதான் திறம். வெள்ளி வேணுமெண்டால் கஸ்தூரியார் வீதிக்குப் போ, மனிசிக்குக் கொலுசு வாங்கு. அதிலை வாற சத்தம் உனக்குக் கட்டாயம் வித்தியாசமாக் கேக்கும்.

நான் பொறாமையிலை கதைக்கிறன் எண்டு நினைப்பாய். 2007இலை அமெரிக்காவிலை ஜேம்ஸ் ராண்டி எண்டொரு மந்திரவித்தைக்காரர் ஒரு பந்தயம் விட்டவர். 7,250 டொலர் விலையிலை ஒரு சோடி ஸ்பீக்கர் வயர் விலைப்பட்ட காலம். அந்த வயரையும் சாதாரண வயரையும், எது எதெண்டு பாக்காமல், காதாலை மட்டும் பிரிச்சுச் சொல்லுங்கோ, பத்து லட்சம் டொலர் தாறன் எண்டார். கதை பேச்சுக் கனக்க நடந்தது, சோதினைதான் நடக்கேல்லை. பத்து லட்சம் டொலர் சும்மா கிடக்கேக்கை எங்கடை ஊரிலை எண்டால் செவிடனும் வரிசையிலை நிண்டிருப்பான்.

"அப்ப கோயிலுக்கு அரைமைல் தூரம் நூல் வயரிலைதானே கட்டினியள்?" எண்டு கேப்பாய். கேளு, கேள்வி நல்லது. அது வேறை வித்தை. நூறு வாற்றை எட்டு ஓம் பெட்டிக்கு நேரை குடுத்தால் 28 வோல்ற், மூண்டரை அம்பியர் ஓடும். கோயில் அம்பிளிபயர் அதே நூறு வாற்றை நூறு வோல்ற்றிலை ஒரு அம்பியராய் அனுப்பும். வயரிலை வீணாப் போறது கரண்டின்ரை வர்க்கக் கணக்கு. மூண்டரை ஒண்டாய்க் குறைஞ்சால் நட்டம் பன்னிரண்டிலை ஒரு பங்காய்க் குறையும். ஒவ்வொரு குழாயடியிலையும் ஒரு குட்டி ட்ரான்ஸ்போமர் இருந்து திரும்பவும் வோல்ற்றை இறக்கும். அதாலைதான் மெல்லிசு வயர் தாங்கினது. வீட்டிலை உந்த விளையாட்டு வேண்டாம். உன்ரை பெட்டிக்குள்ளை அந்த ட்ரான்ஸ்போமர் இல்லை.

இனிப் பூட்டுற அலுவல். முதல் வேலை, செற்றை நிப்பாட்டு. சுவிச்சை மட்டுமில்லை, பிளக்கையும் கழட்டு. வயரின்ரை தோலை ஒரு விரல் அகலத்துக்கும் குறைய உரி. உரிக்கேக்கை இழை அறாமல் பார். பெருவிரலாலையும் சுட்டுவிரலாலையும் திரி போடுற மாதிரி முறுக்கு. ஓட்டையிலை விட்டு இறுக்கு. ஒரு இழை, தலைமயிர் மாதிரி ஒரே ஒரு இழை, வெளியாலை நீட்டிக்கொண்டு பக்கத்து ஆணியைத் தொட்டால் அம்பிளிபயர் ஒரு நாளும் பாடாத பாட்டு ஒண்டு பாடும். பிறகு புகைக்கும். பனானா பிளக் வாங்கிப் போட்டால் உந்தப் பயம் குறைவு. கடையிலை கேக்கேக்கை கதலியோ இதரையோ எண்டு கேட்டாலும் கோவிக்காதை, அவனுக்கும் பொழுது போகவேணும்.

வயர் நுனிக்கு ஈயம் வைச்சு ஒட்டினால் பலம் எண்டு சில பெடியள் செய்யுறவை. திருகாணிக்குக் கீழை அது கூடாது. ஈயம் மெத்து, இறுக்க இறுக்க மெல்ல மெல்ல வழிஞ்சு விலகும். ஆறு மாதத்திலை ஆணி லொடலொடக்கும். வெறுஞ் செம்பு திறம்.

ஆனால் வெறுஞ் செம்புக்கு இங்கை ஒரு எதிரி இருக்கு. எங்கடை பருத்தித்துறை வெளிச்சவீடு 1916இலை கப்பலுக்கு வழிகாட்டக் கட்டினது. உப்புக்காத்துக்கு ஒருத்தரும் வழிகாட்டத் தேவையில்லை, உன்ரை யன்னல் அதுக்குப் பாடம். ஒரு வருசம் விட்டுப் பார், நுனியிலை பச்சையாக் களிம்பு ஏறியிருக்கும். களிம்புக்குள்ளாலை கரண்டுக்கு வழி கரைச்சல், பாட்டு விட்டு விட்டுக் கேக்கும். அப்ப புது வயர் வாங்க ஓடாதை. அந்த நுனியை வெட்டி எறிஞ்சுபோட்டுப் புதுசா உரிச்சுப் பூட்டு. அதுக்காகத்தான் பூட்டேக்கையே ஒரு முழம் கூட விடச் சொல்லுறது. கடலுக்குப் போற போட்டுகளுக்கு வெள்ளீயம் பூசின செம்பு வயர் கிடைக்கும், அது களிம்புக்கு லேசிலை மசியாது. கிடைச்சால் வாங்கு, அதுக்கு நாலு காசு கூடக் குடுத்தாலும் நான் சிரிக்கமாட்டன்.

இன்னொண்டு, இது பகிடியில்லை. ஸ்பீக்கர் வயர் நுனியிலை சுவருக்குக் குத்துற பிளக்கை ஒருநாளும் பூட்டாதை. முந்தி அப்பிடிப் பூட்டி வைச்சிருந்த வீடுகள் உண்டு. சின்னப்பிள்ளை ஒண்டு கொண்டுபோய்ச் சுவரிலை குத்தினால் 230 வோல்ற், பெட்டியும் போகும், பிள்ளைக்கும் ஆபத்து.

பெட்டி நாலு வாங்கி நாலு மூலையிலையும் வைக்கிற எண்ணம் இருந்தால் இதையும் கேள். எட்டு ஓம் பெட்டி ரெண்டைப் பக்கத்துப் பக்கமா ஒரே வாயிலை பூட்டினால் பதினாறு ஆகாது, நாலு ஓம் ஆகும். தாயும் மனிசியும் ஒரே நேரத்திலை "ஓம்" எண்டால் வீட்டிலை எதிர்ப்புப் பாதியாகும், பொக்கற்று ரெட்டிப்பா இளகும். அதே கணக்கு. அம்பிளிபயரிலை எட்டு ஓமுக்குக் குறையப் பூட்டாதை எண்டு எழுதியிருந்தால் அதைக் கேள். மீற்றர் வைச்சு அளந்தால் எட்டு ஓம் பெட்டி ஆறு எண்டு காட்டும். ஏமாத்திப்போட்டான் எண்டு விக்கிறவனோடை சண்டைக்குப் போகாதை. மீற்றர் பாக்கிறது ஒரே பக்கம் ஓடுற கரண்டுக்கு, பாட்டுக்கில்லை.

இப்ப முக்கியமான இடத்துக்கு வாறன். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ரெண்டு பெட்டிக்கும் ஒரே மாதிரி. ஒண்டு மாறினால் என்ன? ஒண்டும் எரியாது, அதுதான் வில்லங்கம். தேர் இழுக்கேக்கை ஒரு வடத்தை முன்னுக்கும் மற்ற வடத்தைப் பின்னுக்கும் இழுத்தால் தேர் எங்கை போகும்? ஒரு பெட்டி காத்தைத் தள்ளேக்கை மற்றது உள்ளுக்கு இழுக்கும். மத்தளமும் தவிலும் காணாமல் போகும், பாடுறவர் நடுவிலை நிக்காமல் வீட்டுக்கு வெளியாலை நிண்டு பாடுற மாதிரி இருக்கும். வயரிலை ஒரு பக்கம் கோடோ எழுத்தோ தட்டுப்படும், அதைச் சிவப்புக்கு எண்டு வைச்சுக்கொள். பழைய பெட்டியிலை நிறம் அழிஞ்சிருந்தால், வயரை அம்பிளிபயரிலை கழட்டிப்போட்டு, ஒண்டரை வோல்ற் பற்றறியாலை நுனிகளைக் கண்சிமிட்டுற நேரம் தொடு. பெரிய கூம்பு முன்னுக்கு வந்தால் பற்றறியின்ரை கூட்டல் பக்கம் தொட்டதுதான் சிவப்பு.

மருமோன் அதைத்தான் பிழைவிட்டவன். சாரைப்பாம்பின்ரை ரெண்டு வாலும் ஒரே பின்னல், ஒரே தங்கம். ஒரு பெட்டிக்கு மாறிப் பூட்டிப்போட்டான். பாட்டுப் போட்டான், தவில் சத்தம் தகரம் மாதிரி. "வயர் இன்னும் பழகேல்லை மாமா" எண்டு மூண்டுநாள் விடாமல் பாடவிட்டான். அக்கா பாவம், ஒண்டும் சொல்லாமல் இருந்தா.

அவ ஏன் சொல்லேல்லை எண்டு உனக்குத் தெரியாது, நீ பிறக்கமுந்தின கதை. 1990இலை சண்டை துவங்க இங்கை கரண்ட் போனது. ஒருநாள் ரெண்டுநாள் இல்லை, வருசக்கணக்கா. பற்றறியும் தடைச் சாமான். அப்ப சைக்கிளைத் தலைகீழாக் கவிட்டு வைச்சு, கையாலை பெடலைச் சுத்தி, டைனமோவிலை றேடியோ கேட்டம். ஆறு வோல்ற், மூண்டு வாற், அவ்வளவுதான் எங்கடை மின்சாரசபை. இரவிலை பிபிசி தமிழோசைக்குச் சனம் முத்தத்திலை கூடும். சுத்திறவன் களைச்சால் செய்தி வாசிக்கிறவரும் களைப்பார். எங்கடை வீட்டிலை சுத்தினவன் ஆரெண்டு நினைக்கிறாய்? இந்த மருமோன்தான். பத்து வயசு. செய்தி முடிஞ்ச பிறகும் அக்காவுக்கு ஒரு பாட்டுக் கேக்கவெண்டு இன்னும் கொஞ்சம் சுத்துவான். அப்ப நாங்கள் போட்ட வயர் எங்கையோ பொறுக்கின பழைய ரெலிபோன் வயர், நாலு இடத்திலை முடிச்சு. அது பழகினதோ இல்லையோ, ஒருத்தரும் கேக்கேல்லை.

நாலாம்நாள் அவன் நெல்லியடிக்குச் சிநேகிதரைப் பாக்கப் போனான். நான் என்ரை பழைய ட்ரங்குப் பெட்டியைத் திறந்தன். கோயில் வேலையிலை மிஞ்சின பிளெக்ஸ் வயர், 1.5, நல்ல செம்பு. நுனியை வெட்டிப் புதுசா உரிச்சன். சாரைப்பாம்பை அந்தக் குட்டித் தாங்கியிலையே கிடக்கவிட்டு, அலுமாரிக்குப் பின்னாலை ரெண்டு பக்கத்து வாலையும் கழட்டிவிட்டன். என்ரை வயரைப் பாய்க்குக் கீழாலை விட்டு, சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. கையோடை பெட்டிகளையும் சுவரிலை இருந்து ரெண்டு சாண் முன்னுக்கு இழுத்து, அக்காவின்ரை கதிரையை ரெண்டுக்கும் சம தூரத்திலை வைச்சன். அதுதான் பெரிய விசயம் தம்பி. வயருக்குள்ளை ஒரு மீற்றர் போகக் கரண்டுக்கு ஒரு செக்கனிலை இருபது கோடியிலை ஒரு பங்கு காணும். சத்தம் காத்திலை அதே மீற்றரைக் கடக்க செக்கனிலை முந்நூத்து நாப்பதிலை ஒரு பங்கு வேணும். ரெண்டு வயரும் ஒரே நீளமோ எண்டு அளக்கிறவன் கதிரையை அளக்கமாட்டான். கதிரையை இழுக்கிறது இனாம் எல்லோ, இனாமுக்கு என்ன மதிப்பு?

பின்னேரம் வந்து பாட்டுப் போட்டான். தவில் நெஞ்சிலை அடிச்சது. நாதஸ்வரம் நடுவீட்டிலை வந்து நிண்டது. அவன்ரை முகத்தைப் பாக்கவேணும்! "கண்டியளோ மாமா, வயர் பழகீட்டுது!"

அக்கா கண்ணை மூடிக்கொண்டு இருந்தவ, திறக்காமலே சொன்னா: "வயர் எங்கையடா பழகினது? அண்டைக்கு உன்ரை கைதான் பழகினது."

நான் "ஓமோம்" எண்டன். அது ஆருக்குச் சொன்னது எண்டு ரெண்டுபேரும் கேக்கேல்லை.

இப்பவும் போய்ப் பார், அக்கா வீட்டிலை சாரைப்பாம்பு தாங்கியிலைதான் கிடக்கு. கூட்டத்துக்குத் தலைமை தாங்கிறவர் மாதிரி, மாலை மட்டும்தான் குறை. வேலை செய்யிறது பாய்க்குக் கீழை கிடக்கிற தொண்டன். மருமோன் ஞாயிற்றுக்கிழமையிலை ரொறொன்ரோவிலை இருந்து எடுப்பான், தாயின்ரை சுகத்தைக் கேட்டு முடிய வயரின்ரை சுகமும் கேப்பான். அவனுக்கு இதைச் சொல்லிப்போடாதை. அந்த ட்ரங்குப் பெட்டியிலை இன்னும் இருபது மீற்றர் கிடக்கு, போகேக்கை எடுத்துக்கொண்டு போ. காசு வேண்டாம். ஆராவது விலை கேட்டால் மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொல்லு, அப்பதான் நல்லாக் கேக்கும்.